ஆர்.சி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் சிறுபான்மைப் பள்ளிகள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்பவர்களில் நூற்றுக்கு 74 பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்றது அந்த அறிக்கை. எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கிய மாணவர்கள் 9 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் சொன்னது. இந்த எண்களை வைத்துச் சிறுபான்மைச் சலுகை வேண்டுமா வேண்டாமா என்று டெல்லியில் வாதாடினார்கள். அந்த வழக்கு இருக்கட்டும். அந்த 74 என்ற எண் வேறொரு கேள்வியைக் கிளப்புகிறது. ஒரு திருச்சபைக்குச் சொந்தமான பள்ளியில் நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகள் அந்தச் சபையைச் சேராதவர்கள். அவர்கள் எதை வைத்து ‘இது நம்ம ஸ்கூல்’ என்கிறார்கள்? கத்தோலிக்கராகவே பிறந்து அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படிச் சொல்ல வாய்க்கிறதா? அந்த ஒட்டுதலுக்கும் பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் நடுவில் ஒரு பிள்ளை ஆளாவதற்கும் என்ன தொடர்பு?

நம் ஊரில் இந்தப் பேச்சு இரண்டு குரல்களில்தான் வரும். ஒன்று பழைய மாணவர் கூட்டத்துக் குரல். ஃபாதர் பிரம்பெடுத்தார், தமிழில் பேசினால் சிஸ்டர் அபராதம் போட்டார், அதனால்தான் உருப்பட்டோம் என்று பிரியாணிக்கு முன்னால் மைக் பிடித்துப் பேசுவார்கள். இன்னொன்று, செபம் சொல்லவைத்தே பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்கள் என்ற சந்தேகக் குரல். முதல் குரலில் தப்பிப் பிழைத்தவர்கள் மட்டும் பேசுகிறார்கள். இரண்டாவது குரலுக்கு வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்கும் பொறுமை கிடையாது.

திருச்சபை தன் பள்ளிகளைப் பற்றிச் சொல்லிவந்ததை முதலில் பார்த்துவிடலாம். இயேசு சபையார் 1599இல் வகுத்த ‘ரேஷியோ ஸ்டுடியோரம்’ என்ற ஒழுங்குமுறையில் பாடத்துக்கு மட்டுமல்லாமல் போட்டிக்கும் பரிசுக்கும் மேடைக்கும் விதிகள் உண்டு. மாணவனுக்கு ஒரு எதிராளியையும் ஒரு மேடையையும் கொடுத்தால் அவன் வளர்வான் என்று நம்பிய கல்விமுறை அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட கல்வி அறிக்கை, கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளைத் தனியாகக் குறிப்பிட்டு, அவை சபைக்கு மிகவும் பிரியமானவை என்றது. 1988இல் வந்த வத்திக்கான் ஆவணம் இன்னும் தெளிவு. பிற சமயத்துப் பிள்ளையின் மனச்சாட்சியை மதிக்க வேண்டும், அதே சமயம் பள்ளி தன் அடையாளத்தை மறைக்கவும் வேண்டியதில்லை என்பது அதன் நிலை. ஏட்டளவில் குறை சொல்ல ஏதுமில்லை.

எனக்கு இந்த ஆவணங்களைவிட முக்கியமாகப் படுவது 1884 மே மாதம் ரோமிலிருந்து சலேசிய சபை நிறுவனர் தொன் போஸ்கோ தூரின் நகரத்துத் தன் விடுதிக்கு அனுப்பிய கடிதம். ஒரு கனவைச் சொல்வதுபோல எழுதப்பட்டது அது. கனவில் பழைய மாணவர்கள் வந்து அவருக்கு இரண்டு விளையாட்டுத் திடல்களைக் காட்டுகிறார்கள். பல வருடங்களுக்கு முந்தைய திடலில் பையன்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், பாதிரியார்களும் கூடவே ஓடுகிறார்கள். இப்போதைய திடலிலோ பையன்கள் சுவரோரம் கும்பலாக முணுமுணுக்கிறார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒதுங்கி உலாத்துகிறார்கள். பையன்களை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். அதற்கு அளவுகோலாக அவர் எடுத்துக்கொண்டது செபக்கூடத்தையோ தேர்வு முடிவையோ அல்ல, விளையாட்டு நேரத்தை. தன் நிறுவனம் பெருத்துவிட்டது, பெரியவர்கள் நிர்வாகிகளாகிவிட்டார்கள் என்று அதைத் தொடங்கியவரே கண்டு எழுதியது இது. அவருடைய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் அவர்கள் பெயர் சொல்லும் பள்ளிகள் ஏராளம். அந்தக் கடிதத்தை அவர்களுடைய தாளாளர் அறைகளில் பெரிய எழுத்தில் மாட்டிவைக்கலாம்.

இன்னொரு சுயவிசாரணை 1973 ஜூலையில் நடந்தது. ஸ்பெயினின் வாலென்சியாவில் கூடிய ஐரோப்பிய இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்களிடம், சபையின் தலைவர் பெத்ரோ அருப்பே நேராகவே கேட்டார்: நீதிக்காக நிற்கும் மனிதர்களாக உங்களை நாங்கள் வளர்த்தோமா? இல்லை என்று பதிலையும் அவரே சொன்னார். கேட்டவர்களில் வசதியான குடும்பத்தார் பலர், சிலர் முகம் சுளித்தார்கள். பிறருக்காக வாழும் மனிதர் என்ற அன்றைய வாசகம் இப்போது உலகெங்கும் இயேசு சபைப் பள்ளிகளின் கேட்டிலும் டைரியிலும் அச்சாகிறது. முகம் சுளிக்கவைத்த பகுதியை யாரும் அச்சடிப்பதில்லை.

ஆராய்ச்சி என்று எடுத்தால் அமெரிக்காவில் நடந்த அளவு வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. 1980இல் அங்கே சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளிகளில் 58 ஆயிரம் மாணவர்களிடம் ஒரு பெரும் கணக்கெடுப்பு நடந்தது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் அதை வைத்து 1982இலும் 1987இலும் இரண்டு நூல்களைத் தம் கூட்டாளிகளோடு எழுதினார். பொதுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குப் பின் நூற்றுக்கு 14 பேர் இடையில் நின்றார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளில் அது மூன்றுக்குச் சற்று மேல். மற்ற தனியார் பள்ளிகளில் 12க்குப் பக்கம். தனியார் என்பதால் வந்த வித்தியாசம் இல்லை என்பது அந்தக் கடைசி எண்ணிலேயே தெரிகிறது. கோல்மன் சொன்ன காரணம் இது: ஒரே பங்குக் கோவிலைச் சேர்ந்த பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் சந்திக்கிறார்கள், ஒருவர் பிள்ளையை இன்னொருவருக்குத் தெரியும், பிள்ளை தடுமாறினால் பார்க்க நாலு பெரியவர்கள் இருக்கிறார்கள். பெற்றோருக்குள் இருக்கும் அந்தப் பழக்கத்தை அவர் சமூக மூலதனம் என்றார்.

எதிர்ப்பு உடனே வந்தது. பணம் கட்டிச் சேர்க்கும் பெற்றோர் முதலிலிருந்தே அக்கறையுள்ளவர்கள்தானே, அந்தப் பிள்ளைகள் எங்கே படித்தாலும் நிலைத்துத்தானே படித்திருப்பார்கள் என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேல் பொருளியலாளர்களுக்கு வேலை கொடுத்தது. ஆல்டன்ஜி, எல்டர், டேபர் மூவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய ஒரு தெளிவு கிடைத்தது. கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியால் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கொஞ்சம்தான். படிப்பைப் பாதியில் விடாமல் முடிப்பதில் அதன் தாக்கம் கணிசம். நம் தலைப்புக்கு இது பெரிய செய்தி. அந்தப் பள்ளிகள் பிள்ளைகளைக் கெட்டிக்காரர்களாக்கினவோ இல்லையோ, விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டன.

எப்படி என்பதற்கு 1993இல் பிரைக், லீ, ஹாலண்ட் மூவரும் எழுதிய நூலில் பதில் இருக்கிறது. ஏழு பள்ளிகளுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவர்கள் இவர்கள். அங்கே ஆசிரியர் வகுப்போடு நிற்பதில்லை. மாலையில் கூடைப்பந்துப் பயிற்சி, சனிக்கிழமை பிள்ளைகளோடு சேவைப்பணி, வருடத்தில் ஒரு தியானம் என்று ஒரே பிள்ளையை நாலு வேடங்களில் சந்திக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். மக்குகளுக்குத் தனிப் பாதை என்று வெட்டிவிடுவதில்லை. பள்ளி சிறியது. அதே ஆண்டு காரல் குட்இனோ என்ற ஆய்வாளர் பள்ளியில் தன் இடம் பற்றிய உணர்வை அளக்க 18 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார். இந்தப் பள்ளியில் யாரோ ஒரு பெரியவரிடமாவது என் பிரச்சினையைச் சொல்ல முடியும் என்பது போன்ற வாக்கியங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று விளங்குகிறது. பிள்ளையை ஒட்டவைப்பது பெரியவர் ஒருவரின் நேரம்.

இதற்கு மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது. பீட்டர் மெக்லாரன் 1986இல் டொரொண்டோவில் போர்த்துக்கீசியக் குடியேறிகளின் பிள்ளைகள் படித்த ஒரு கத்தோலிக்கப் பள்ளியைப் பற்றி எழுதினார். தெருமுனையில் ஒரு உடம்போடும் வகுப்பில் இன்னொரு உடம்போடும் அந்தப் பிள்ளைகள் வாழ்ந்தார்கள். செபம், வரிசை, மௌனம் என்ற சடங்குகள் அவர்களை அடக்கப் பயன்பட்டன, சேர்த்துக்கொள்ளப் பயன்படவில்லை என்பது அவர் முடிவு. வீட்டு வாழ்க்கையும் பள்ளி ஒழுங்கும் முற்றிலும் வேறான இடத்தில் சடங்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது எச்சரிக்கை.

இப்போது நம் ஊருக்கு வரலாம். அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது, ஏனென்றால் கோல்மன் சொன்ன கோவில் வாசல் நம் பிள்ளைகளின் பெற்றோரில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடையாது. அயர்லாந்திலிருந்து பிரசென்டேஷன் கன்னியர் 1842இல் சென்னைக்கு வந்தார்கள். இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது. அந்தக் காலத்திலிருந்தே இங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இரண்டு முகங்கள். ஒன்று நகரத்து நடுத்தர வர்க்கம் வரிசையில் நிற்கும் கான்வென்ட். சர்ச் பார்க்கில் படித்த ஜெயலலிதா அதன் புகழ்பெற்ற மாணவி. இன்னொன்று பங்குக் கோவிலை ஒட்டி ஓட்டுக் கூரையோடு நிற்கும், ஊர்க்காரர்கள் ‘ஆர்.சி. ஸ்கூல்’ என்று மட்டும் சொல்லும் அரசு உதவிபெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, சத்துணவு உண்டு, தமிழ்வழி, கூலிவேலை செய்பவர்களின் பிள்ளைகள். பல ஊர்களில் இந்த இரண்டு முகங்களும் ஒரே காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு பக்கம் உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவு, மறுபக்கம் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு அல்லது மெட்ரிக். தாளாளர் ஒருவரே. சீருடை இரண்டு.

இந்த உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் இடம் விசித்திரமானது. தனியார் பள்ளி என்ற பெயர், அரசுப் பள்ளியின் வறுமை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இவர்களுக்கு இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது 2024 டிசம்பர் கடைசியில்தான் நீண்டது. ‘நம்ம ஸ்கூல்’ என்ற பெருமைக்குக் கொடுக்கும் விலை இது என்று சொல்லிச் சிரிக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அது சிரிப்பு மட்டுமல்ல.

அப்படியும் பிள்ளைகள் ஏன் ஒட்டிக்கொள்கிறார்கள்? பழைய மாணவர்களிடம் பேசினால் பாடத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு. தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு வேலையைப் பற்றித்தான் சொல்வார்கள். போர்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலை மணி, கோவில், ஸ்டடி, கூட்டிப் பெருக்குதல், கஞ்சியோ உப்புமாவோ, பள்ளி, விளையாட்டு, குளியல், மறுபடி ஸ்டடி, செபமாலை, சாப்பாடு, ராத்திரி ஸ்டடி. இந்த மணிகளை அடிக்க ஒரு பையன் இருப்பான். கைக்கடிகாரம் அவனிடம் மட்டும்தான். கணக்கில் இருபது மதிப்பெண் தாண்டாதவனாக இருக்கலாம். ஆனால் அவன் கயிற்றை இழுக்காமல் வார்டன் ஃபாதர்கூடச் சாப்பிட உட்கார முடியாது. இன்னொருவன் சாப்பாட்டுக் கூடத்தில் குழம்பு வாளியோடு வரிசை பார்ப்பான், காய்ச்சல்காரர்களுக்கு ரசம் கொண்டுபோவான். பாண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் சுமப்பவன், என்.சி.சி.யில் கொடி ஏந்துபவள், மேடைக்குப் பின்னால் திரை இழுப்பவள், திருவிழாவுக்குக் கொடித்தோரணம் ஒட்டும் கூட்டம் என்று பட்டியல் நீளும். தன்னை நம்பி ஒரு காரியம் நடக்கிறது என்று பதினான்கு வயதில் தெரிந்துகொள்வதைவிடப் பெரிய வளர்ச்சி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் அட்டை சொல்லாத ஒன்றை இந்த வேலைகள் சொல்கின்றன.

போர்டிங்கைக் கொண்டாடும்போது கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. பெரியவரின் நேரமும் நெருக்கமும்தான் ஒட்டவைக்கின்றன என்றால், அதே நெருக்கம்தான் தீங்குக்கும் வழி. 2002இல் பாஸ்டன் மறைமாவட்டத்தில் வெடித்து உலகெங்கும் பரவிய பாலியல் கொடுமை வழக்குகள் அதைக் காட்டின. இங்கே 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்தது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இன் போக்சோ சட்டம் வந்தது. பிரம்படியைப் புகழும் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: அடிபட்டு ஓடிப்போனவன் உங்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

மதம் பற்றிய கேள்வியை இனியும் ஒத்திப்போட முடியாது. அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமை தருகிறது. 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் சம்மதமில்லாமல் யாரையும் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் கூடாது என்கிறது. சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில்தான் நம் பள்ளிகளின் கால அட்டவணை ஓடுகிறது. வாரத்தில் ஒரு மணியடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஓர் அறைக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு இன்னோர் அறைக்கும் போவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரிவினை கண்ணில் படும் இடம் இது. உள்ளே இருப்பவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நன்னெறி வகுப்பில் கதை கேட்கலாம், மறைக்கல்வியில் மனப்பாடம் என்று பொறாமைப்படும் கத்தோலிக்கப் பிள்ளைகள்தான் அதிகம். பெல்ஜியப் பாதிரியார் கார்டைன் வழிவந்த ‘பார், தீர்ப்பிடு, செயல்படு’ முறையில் இயங்கும் ஒய்.சி.எஸ். மாணவர் இயக்கம், இந்தியாவில் பிற சமயப் பிள்ளைகளுக்காக ஒய்.எஸ்.எம். என்ற இணைப்பெயரும் வைத்துக்கொண்டது. தெருவில் குடிநீர் வராததைப் பற்றிக் கூடிப் பேசி மனு எழுதும் குழுவில் யார் எந்தச் சமயம் என்று பார்ப்பதில்லை.

இந்திய ஆயர் பேரவை 2024இல் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டு நெறிகள் அனுப்பியது. பிற சமயத்து மாணவர்மீது நம் வழிபாட்டு மரபுகளைத் திணிக்காதீர்கள், காலை வணக்கத்தில் அரசியல் சாசன முகவுரையைச் சொல்லவையுங்கள், எல்லாச் சமயத்தாரும் பயன்படுத்த ஒரு செப அறை வையுங்கள் என்பவை அதில் முக்கியமானவை. சில மாநிலங்களில் கிறிஸ்தவச் சிலைகளை அகற்று என்று பள்ளிகளை மிரட்டிய சம்பவங்களின் நிழல் அந்த ஆவணத்தில் இருக்கிறது. அச்சத்தில் எழுதியதாகவே இருந்தாலும் நல்ல யோசனைகள்தாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தங்கள் வழியில் இதை முன்னமே தீர்த்துக்கொண்டார்கள். பொதுத்தேர்வு அன்று காலை மாதா கெபிக்கு முன்னால் ஹால்டிக்கெட்டை வைத்து எடுப்பவர்களில் நெற்றியில் விபூதி வைத்தவர்களும் இருப்பார்கள். மாரியம்மனுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே நேர்ச்சைக் கணக்கு வைத்திருக்கும் சமூகம் இது. இவர்களை மதம் மாற்றப் பள்ளி தேவையில்லை, மாற்றவும் பள்ளியால் முடிந்ததில்லை என்பது 74 என்ற அந்த எண்ணிலேயே இருக்கிறது.

என் கணிப்பில் ஒட்டுதல் அறுந்துபோவது செபத்தில் அல்ல, பட்டியல்களில். அதில் முதன்மையானது சாதி.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. தலித் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் பள்ளிக்கும் கன்னியர் நடத்தும் விடுதிக்கும் போய்ப் படித்து, ஆசிரியையாகி, கன்னியர் மடத்திலும் சேர்ந்து, பிறகு வெளியேறிய கதை அது. ஏழைப் பிள்ளைகள் மூக்குப்பிடிக்கத் தின்கிறார்கள் என்று பேசும் விடுதிக் கன்னியரையும், சலுகைப் பட்டியலுக்காக வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லும் காட்சியையும் தமிழில் படித்த யாரும் மறக்க முடியாது. இதில் முரண் என்னவென்றால், மேலே சொன்ன 74 விழுக்காட்டில் பாமா சேரமாட்டார். அவர் சபைக்குள் பிறந்தவர். பள்ளி அவருடைய சபையின் பள்ளி. ஒரு வசதியான இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு நகரத்துக் கான்வென்டில் எளிதாகக் கிடைத்த இடம் சொந்தச் சபைப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் 2002இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். பாதிரியார்களிடம் பெற்றதையும் பட்டதையும் கேலியோடு சொல்லும் நாவல். படிப்பு தந்தவர்கள் அவர்கள்தாம் என்பதை மறைக்காமலேயே அடிக்கும் கேலி. படித்து முடித்த நாயகன் வேலைக்காகச் சாதிச் சான்றிதழ் வேண்டி இந்துவாக மாறும் இடத்தில் அந்தக் கேலி கசக்கிறது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோரில் வைக்கப்பட்டிருக்கிறார். பள்ளிக்குள் சாதி உண்டு, சான்றிதழில் இல்லை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கைகளோடு கட்டிய கோவில் 19ஆம் நூற்றாண்டின் அடையாளம். அங்கே நடுவே நின்ற தடுப்பு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போனது. கோவிலில் போனது விடுதியில் உடனே போய்விடவில்லை என்பதற்குப் பாமாவே சாட்சி. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, தீண்டாமை சபைக்குள் இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அறிக்கையோடு நின்றதா, பள்ளிக்குள் வந்ததா என்பதை அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. விடுதியில் கழிப்பறை கழுவும் முறைப் பட்டியலையும், மாணவர் தலைவர்களின் பத்து வருடப் பெயர்ப் பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மணியடிக்கும் வேலை பிள்ளையை வளர்க்கும் என்று சொன்னேன். எந்த வேலை யாருக்குப் போகிறது என்பதில்தான் அந்த வளர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி. கான்வென்ட் என்றால் கட்டுப்பாடு, பின்னல் இரண்டு, தரை பார்த்து நடை என்பது ஊர்ப் பேச்சு. ஆனால் தலைமையாசிரியை, வார்டன், கணக்காளர், பேருந்துப் பொறுப்பாளர் என்று எல்லா அதிகாரமும் பெண்கள் கையில் இருப்பதை ஒரு சிறுமி தினம் பார்க்கும் இடங்கள் தமிழ்நாட்டில் எத்தனை? கல்யாணம் செய்துகொள்ளாமல், கணவன் பெயரைச் சொல்லாமல் ஒரு பெண் நிறுவனம் நடத்தலாம் என்று அவள் முதலில் பார்ப்பது அங்கேதான். மதிப்பாக இதை எழுதியவர்கள் குறைவு. வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தப் பார்க்கும் தகப்பனார்களும் ‘சிஸ்டர் ஸ்கூல்’ என்றால் அனுப்பினார்கள். பாதுகாப்பு என்று நினைத்து அனுப்பினார்கள். உள்ளே பிள்ளைகள் கற்றுக்கொண்டது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஈழத்தில் இந்தக் கதை அரசியலோடு சேர்ந்து வேறு வடிவம் எடுத்தது. 1960ஆம் ஆண்டு இலங்கை அரசு உதவிபெறும் சமயப் பள்ளிகளைக் கையேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் குடியேறி மறித்தார்கள். பெரும்பாலான பள்ளிகள் அரசிடம் போயின. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில, கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாக நின்றன. போர் ஊரைக் கலைத்த பிறகு, ஊரின் இடத்தில் பள்ளியை வைத்துக்கொண்டார்கள் பலர். கொழும்பிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களில் சைவரும் கத்தோலிக்கரும் ஒரே மேசையில் இருப்பது, அங்கே கேள்விக்குரிய விஷயமே அல்ல.

கடைசியாக மதிப்பெண். மேற்சொன்ன எல்லாவற்றையும் இப்போது தின்றுகொண்டிருப்பது இதுதான். பி.டி. பீரியட் ஸ்பெஷல் கிளாஸ் ஆகிவிட்டது. ஃபாதர்களும் சிஸ்டர்களும் எண்ணிக்கையில் குறைந்து, இருப்பவர்கள் அலுவலகத்தில் அரசின் எமிஸ் தரவுத்தளப் பதிவேற்றத்தோடு போராடுகிறார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை தாளாளருக்கு மாற்றல். வகுப்பில் உண்மையில் பிள்ளையைத் தெரிந்தவர், அதே ஊர்க்காரராக இருபது வருடம் அங்கேயே வேலைபார்க்கும் டீச்சரோ சாரோதான். பல பள்ளிகளில் அவர் இடமும் காலியாகி, சொற்பச் சம்பளத்துக்கு நிர்வாகம் வைத்த தற்காலிக ஆசிரியர் நிற்கிறார். அடுத்த ஜூனில் அவரும் இருக்கமாட்டார்.

அந்த ஜூன் மாதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆண்டு விழாவில் ‘நம் பள்ளிக் குடும்பம்’ என்று தாளாளர் பேசி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. பத்தாம் வகுப்பு முடிவு வருகிறது. பிளஸ் ஒன் அறிவியல் குரூப்புக்கு இத்தனை மதிப்பெண் என்று அலுவலகச் சன்னலில் காகிதம் ஒட்டுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்த, டிரம் சுமந்த, மணியடித்த பிள்ளைக்கு 260 மதிப்பெண். பக்கத்து ஊரிலிருந்து 460 வாங்கிய புதுப் பிள்ளை உள்ளே வருகிறது. ‘டி.சி. வாங்கிக்கோங்கம்மா, கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துருங்க’ என்று கிளார்க் தாழ்ந்த குரலில் சொல்வார், அவருக்கும் அது பிடித்திருக்காது. நூறு சதத் தேர்ச்சி என்று அடுத்த வருடம் வாசலில் பேனர் வைக்க இது வேண்டும். அமெரிக்க ஆய்வுகள் கத்தோலிக்கப் பள்ளியின் சாதனை என்று சொன்னது பிள்ளைகள் பாதியில் போகாததை. எத்தனை பிள்ளைகள் பத்தோடு டி.சி. வாங்கினார்கள், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்ற கணக்கு ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் இருக்கிறது. மறைமாவட்டக் கல்விச் செயலர்கள் நினைத்தால் ஒரு வாரத்தில் திரட்டிவிடலாம்.